இடப்பக்கத்து கிட்டார்

பாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன்.
சொன்னால் உடனே முணுமுணுப்பீர்கள்,
அதுவும் தப்பான பதிப்பை.

ஸ்வான்ஸீ சந்தையில் என் கடை.
ஒரு பக்கம் மட்டி விற்கிற ஆக்னஸ்,
மறுபக்கம் சாவி வெட்டுகிறவன்,
நடுவே பழைய இசைத்தட்டுகள், ஒரு டர்ன்டேபிள்,
ஒரே ஒரு ஹெட்ஃபோன்.
ஸ்பீக்கர் வைத்தால் சாவிக்காரன் சண்டைக்கு வருவான்.
அவன் இயந்திரம் போடுகிற கூச்சலுக்கு நடுவே
அவனுக்கு அமைதி வேண்டுமாம்.

செவ்வாய்க்கிழமைகளில் இட்வல் ப்ராஸர் வருவார்.
போர்ட் டால்பட் உருக்காலையில் இருபத்தாறு வருடம்.
கண்டதையும் வாங்கமாட்டார்.
அந்த ஒரு பாட்டு,
எத்தனை அச்சில் வந்ததோ அத்தனையும்.

முதலில் மோனோ சிங்கிள், அறுபத்தேழு.
நான்கு பேர் ஒரு லிஃப்டில் நெருக்கி நின்று
வாசிப்பதுபோல் இருக்கும்.
அப்புறம் ஸ்டீரியோ.
வாசித்தவர்கள் வீட்டுக்குப் போனபின்
யாரோ ஒரு மத்தியானத்தில் முடித்த வேலை.
இரண்டாவது கிட்டாரும் டாம்பரினும் இடப்பக்கம்,
மற்றதெல்லாம் வலப்பக்கம்,
நடுவில் ஒருவரும் கிடையாது,
விவாகரத்தானவர்களின் வரவேற்பறை.
அமெரிக்க அச்சில் எதிரொலியை அள்ளிக் கொட்டியிருப்பார்கள்;
நீச்சல்குளத்தின் அடியிலிருந்து காதல் சொல்வான் பாடுகிறவன்.
ஜெர்மன் அச்சில் பதினோரு நொடி கூடுதல்.
பாட்டு தேய்ந்து மறைகிற இடத்தில்
வால்யூமை முழுக்கத் திருகினால்
டிரம்மர் குச்சியை நழுவவிடுவது கேட்கும்.
அந்தக் குச்சிக்கு நான் கொடுத்த விலை
என் கணவருக்கு இன்னும் தெரியாது.

பத்து வருடமாக ஒரே சண்டை.
"ஸ்டீரியோவில் இரண்டாவது கிட்டாரை
அழித்துவிட்டார்கள், நெஸ்டா."
"இல்லை, இருக்கிறது."
"எங்கே?"
"அங்கேதான்."
"எனக்கென்ன காது இல்லையா?"

போன மார்ச்சில்தான் கவனித்தேன்.
சாவிக்காரனின் இயந்திரம்
அவருடைய இடது தோளுக்கு அருகே கிறீச்சிட்டது.
ஆக்னஸ் கையிலிருந்த தட்டு விழுந்தது.
மட்டியெல்லாம் தரையில்.
இட்வல் மட்டும்
விலைச்சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார்.

எப்போதும் என்னை வலப்புறமாகவே
நிறுத்திக்கொண்ட மனிதர்.
ஒரு காதில் வாங்கி மறுகாதில் விட
மறுகாதே இல்லாத மனிதர்.

"சொல்லவே இல்லையே," என்றேன்.
"நீ கேட்கவே இல்லையே," என்றார்.
கேட்காதது எங்களில் யார் என்று
எனக்குக் குழம்பிப்போயிற்று.

ஸ்டீரியோவைச் சுழலவிட்டு
ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டினேன்,
இடது வலதாக.

அவருக்குப் பாடகன் போய்விட்டான்.
டிரம்ஸ் போயிற்று, பாஸ் போயிற்று,
ஊரே பாடிய அந்தப் பல்லவி போயிற்று.
டாம்பரின் மட்டும், அதுவும் எப்போதாவது.
மீதி நேரம் டேப்பின் இரைச்சல்,
நாற்காலியின் ஒரு முனகல்,
தரையில் தாளம் தட்டுகிற ஷூ,
ஒருவன் மூச்சுவிடுவது.
தன் முறைக்காக
ஒரு நிமிடம் ஐம்பது நொடி
காத்திருக்கிறான் அந்தக் கிட்டார்க்காரன்.

இட்வல் கண்ணை மூடவில்லை.
எதிரே காய்கறிக்கடையைப் பார்த்தபடியே நின்றார்.
பிறகு கிட்டார் வந்திருக்க வேண்டும்,
ஏனென்றால் அவருடைய கை
கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டது.

ஐம்பதாண்டு நிறைவுக்கு
புதிதாகக் கலந்து ஒரு பதிப்பு போட்டார்கள்.
அதையும் எடுத்து வைத்தேன்.
பாடகன் நடுவில், கிட்டார்கள் அளவாக இருபுறமும்,
எல்லாம் துடைத்துப் பளபளப்பாக.
எந்தக் காதில் மாட்டினாலும்
எல்லாமே ஓரளவு கேட்கும்.
பாதியிலேயே கழற்றிக் கொடுத்தார்.
"எல்லாரும் வந்துவிட்டார்கள்," என்றார்.
"காத்திருக்கிற சத்தத்தை எடுத்துவிட்டார்கள்."

பத்து வருடமாகத் திட்டிய ஸ்டீரியோவைத்தான்
அன்று வாங்கினார்.
அட்டை மூலை கிழிந்திருக்கிறதென்று
இரண்டு பவுண்ட் குறைக்கச் சொன்னார்.
நான் இடப்பக்கம் போய் நின்றுகொண்டு
முடியாது என்றேன்.