கட்டை

ஆபேல் அண்ணன் ஆர்மோனியத்தில்
ஒரு கட்டையை அழுத்தினார்,
பிறகு இன்னொன்றை.
"எது மேல?" என்றார்.
விரலைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று
துண்டால் பெட்டியை மறைத்திருந்தார்.

மேல் என்றால் என்ன மேல்?
இரண்டும் ஒரே பெட்டியிலிருந்துதானே வந்தன.
சத்தத்துக்கு மாடிப்படி இருக்கிறதா?
"மொதல்ல வந்தது" என்றேன்.
அடுத்த தடவை "ரெண்டாவது."
பன்னிரண்டில் ஐந்து சரி.
காசைச் சுண்டியிருந்தால் ஆறு வந்திருக்கும்.

"தடித்த குரலைக் கட்டைக் குரல்ங்கறோம், அது கீழ.
அஞ்சரைக் கட்டைன்னா மேலங்கறீங்க.
ஒரே கட்டை எப்பிடிண்ணே ரெண்டு பக்கமும் போவுது?"
"பெஞ்சத் தூக்கு" என்றார்.
அந்தக் கிறிஸ்மசுக்குப் பாடகர் குழுவில்
அதுதான் என் வேலை.

முதுநகர் துறைமுகத்தில்
படகு முகத்துவாரம் நுழையும்போதே
முதுகைக் காட்டிக்கொண்டு சொல்வேன்:
இருசப்பன் வண்டி, பெல்ட் தளர்ந்திருக்கு.
அதைச் சுருதி என்று யாரும் சொன்னதில்லை.
எனக்கும் அதில் மேல் கீழ் கிடையாது.
தளர்ச்சி, இறுக்கம்,
சூடு,
எண்ணெய் கேட்கிற பசி.

எமல்டாவுக்குப் புதுச்சேரி ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி.
போனில் நான் பேசுவேன், அவள் "ம்" என்பாள்.
கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்கிற ம்.
கேட்கவில்லை, நீ பேசு என்கிற ம்.
உங்கம்மா அப்படியா சொன்னாங்க என்கிற ம்,
அது நடுவில் ஒரு முறை வளையும்.
எழுதினால் எல்லாம் ஒரே எழுத்து, ஒரே புள்ளி.

செவ்வாய்க்கிழமை எட்டரை மணிக்கு
"சாப்ட்டியா?" என்றேன்.
"ம்."
எப்போதும் அந்த ம் இறங்கி
நாற்காலியில் உட்கார்வதுபோல் உட்காரும்.
அன்று உட்காரவில்லை.
நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றது.
எவ்வளவு வித்தியாசம் என்றால்
ஆபேல் அண்ணன் பெட்டியில்
அவ்வளவு சின்னக் கட்டை கிடையாது.

பஸ் ஏறினேன்.
ரெட்டிச்சாவடி, கிருமாம்பாக்கம், தவளக்குப்பம்.
மூன்றாவது கியரிலேயே முனகிக்கொண்டு போனான்.
நாலாவதைப் போடுய்யா என்று
வாய்வரை வந்தது.
அரியாங்குப்பம் பாலத்தில் போட்டான்.
எனக்கும் மூச்சு வந்தது.

நீலச் சீருடையில் கேட்டுக்கு வந்தாள்.
"இந்நேரத்துல என்ன?"
"ஒன் ம் சரியில்ல."
சிரித்தாள், சிரிப்பு இருமலாயிற்று.
"தொண்ட கட்டியிருக்கு, அதான் கட்டையா கேட்டிருக்கும்.
இதுக்கா பஸ் ஏறி வந்த?
வேற ஒண்ணுமில்ல."

ஒண்ணுமில்ல.
அதில் கடைசி 'ல்ல'
போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை.
மேலே போனதா கீழே போனதா என்று கேட்காதீர்கள்,
தப்பாகத்தான் சொல்வேன்.

இரண்டு டீ வாங்கிக்கொண்டு
சைக்கிள் நிறுத்துமிடத்துச் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்தேன்.
"கடைசி பஸ் போயிடும்" என்றாள்.
"ம்" என்றேன்.

அது எத்தனை கட்டையில் வந்ததோ,
உள்ளே ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு
பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
டீ ஆறும்வரை
இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.