நாற்பத்தாறாம் அளவு

ஈப்பர் போகும் சாலையைத் தாண்டி
பீட்கிழங்கு வயலோரத்தில் எங்கள் மேடை.
விளக்குக் கம்பம் நட மூன்றடி தோண்டியதும்
மண்வெட்டி டங்கென்றது.
யாரும் கத்தவில்லை.
இங்கே உழவுக்கு உழவு முளைப்பதுதான், பழைய குண்டு.
ராணுவத்துக்குப் போன் போட்டுவிட்டு
கம்பத்தைத் தள்ளி நட்டோம்.
அதனால் இந்த வருஷம் இரண்டாம் காட்சியில்
நிலா கொஞ்சம் கோணலாக உதிக்கிறது.

உடைகள் என் பொறுப்பு.
பதினொரு தொப்பி, ஒன்பது கோட்டு,
நாற்பத்தாறாம் அளவில் ஒரே ஒரு ஜோடி பூட்ஸ்.
பால் லாரி ஓட்டும் வன்னெசுக்கும்
பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் லோடனுக்கும்
ஊரிலேயே பெரிய பாதங்கள்.
வன்னெஸ் எங்கள் பக்கத்துக் கவிஞன்.
லோடன் எதிர்ப் பதுங்குகுழியின் கவிஞன்.
ஆகவே ஒருவன் செத்தால்தான்
மற்றவன் மேடையேற முடியும்.

வாய்க்காலுக்குள் குந்தியிருப்பேன்.
‘முள்கம்பியில் சட்டையைக் காயப் போட்டிருக்கிறேன்,
காய்ந்ததும்’
என்பதோடு வன்னெஸ் விழுவான்,
கால்களை மட்டும் மறக்காமல் என் பக்கம் நீட்டி.
இருட்டில் முடிச்சை அவிழ்த்து
சூடு ஆறாத பூட்ஸை அந்தப் பக்கம் தருவேன்.
அவன் வியர்வைக்குள் கால் நுழைத்துக்கொண்டு
லோடன் ஜெர்மன் மொழியில்
ஓர் ஆப்பிள் மரத்தைப் பற்றித் தொடங்குவான்.

நேற்று மழை.
வைக்கோல் கட்டுகளின் மேல் இருநூறு பேர்,
பிளாஸ்டிக் கோட்டுக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு.
லோடன் நான்காவது வரியில் இருந்தான்.
வெறுங்காலோடு கிடந்த பிணம்
தும்மியது.
அடக்கப் பார்த்து, மறுபடியும்.

முன்வரிசையில் ஒரு பொடியன் களுக்கென்றான்,
அப்புறம் வயலே சிரித்தது.
இயக்குநர் ஆல்தா பிரதியால் முகத்தை மூடிக்கொண்டாள்.
லோடன் குனிந்தான்.
யோசிக்காமல், வேடத்தின் மொழியிலேயே,
தும்மியவர்களுக்கு அங்கே சொல்வதைச் சொன்னான்:
ஆரோக்கியமாக இரு.

சிரிப்பு எங்கே நின்றது என்று தெரியவில்லை.
கோட்டுகளில் மழை விழும் சத்தம் மட்டும்.
செத்தவனின் உதடு அசைந்தது.
வாய்க்காலில் இருந்ததால்
எனக்கு மட்டும் கேட்டது:
நன்றி.

அதற்குப் பிறகு ஆப்பிள் மரம் ஐந்தாவது வரியிலிருந்து
தட்டுத் தடுமாறித்தான் போயிற்று.

காலையில் ராணுவ லாரி வந்தது.
இரண்டு பையன்கள், மணல் பெட்டியில் குண்டைப் படுக்கவைத்து,
கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.
நான் பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து
வேலிக்கம்பியில் தொங்கவிட்டிருக்கிறேன்.
ஒன்பது மணிக்குக் காட்சி.
இன்னும் காயவில்லை.