ஈரப்பதம்

பதினைந்து பெயர் வந்தது.
டீக்கடை டிவியில் மேலிருந்து கீழே ஒருமுறை,
கீழிருந்து மேலே ஒருமுறை படித்தோம்.
கேப்டன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
வேறொரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள்.
தேர்வுக்குழு இவளைக் கூப்பிட்டது
அதற்கும் நாலு நிமிஷம் கழித்துத்தானாம்.

ஐந்தாம் நாள்
கொரடாச்சேரி கொள்முதல் நிலையத்தில்
அப்பாவின் நெல்லுக்குக் காவலாக வந்து உட்கார்ந்தாள்.
ஐப்பசி. குறுவை அறுத்துக் கொட்டிய வரிசையில்
கலியமூர்த்தியின் குவியல் முப்பத்தோராவது.

நான் அங்கே பட்டியல் எழுத்தர்.
கருவியில் ஒரு பிடி போட்டுப் பார்த்து
"பத்தொன்பது" என்றேன்.
பதினேழைத் தாண்டினால் வாங்கக் கூடாது.
"எனக்கு முப்பத்தேழு" என்றாள்.
சிரிக்கலாமா கூடாதா என்று
சுமைக்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

மத்தியக் குழு வந்து பார்த்தால்
இருபத்திரண்டு வரை தளர்த்துவார்கள் என்றேன்.
"நெல்லுக்கா?" என்று கேட்டாள்.

இவளுக்குப் பதினாலு வயதில்
அம்மையப்பன் பொங்கல் டோர்னமென்டுக்கு நான் ஸ்கோரர்.
குளிக்கரைக்கு ஓர் ஆள் குறைந்தது.
சடையைத் தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டு வந்து நின்றாள்.
இன்பவல்லியை இன்பராஜ் என்று எழுதினேன்.
நாற்பத்தொன்று, நாட் அவுட்.
அந்தத் தாள் யாரிடமாவது இருந்தால்
இன்பராஜ் என்றொருவன்
ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டுக் காணாமல் போயிருப்பான்.

கடைசி ஆட்டத்தில் முப்பத்துநாலு பந்துக்குப் பதினொன்று.
நான் கேட்கவில்லை.
அவளும் முழங்காலைப் பற்றிப் பேசவில்லை.
குவியலில் ஏறும்போது
உடம்பு ஒரு பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

மூன்று மணிக்கு வெட்டாற்றுக்கு அப்பால் கறுத்தது.
டாஸுக்கு முன் பார்ப்பதுபோல்
கண்ணைச் சுருக்கி வானத்தைப் பார்த்தாள்.
"தார்ப்பாய்!"
அவள் விரல் நீண்ட இடத்துக்கெல்லாம் ஆள் ஓடியது,
யார் நெல் எவர் நெல் என்றில்லாமல்.
செங்கல் வைக்காத மூலைக்கு என்னை விரட்டினாள்.
கையில் பேனாவோடு ஓடினேன்.

மழை வரவில்லை.
யாரும் அவளைக் குறை சொல்லவில்லை.

மறுநாள் காலை பதினெட்டு.
நோட்டில் பதினேழு என்று போட்டேன்.
ஒருகாலத்தில் இவள் பெயரையே மாற்றி எழுதியவன்,
ஒரு புள்ளி என்ன பெரிசு.
தோளுக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறாள்.
"அடிச்சிட்டு பதினெட்டுன்னு எழுதுண்ணே."

எழுதினேன்.

நெல்லை அள்ளி மறுபடி தார்ச்சாலையில் பரப்பினோம்.
பாதத்தால் வரி கீறிக்கொண்டே போனாள்.
லாரி வந்தால் ஒதுங்குவாள்.
அது போனதும்
விட்ட இடத்தைத் தேடிக் கால் வைப்பாள்.