ஏழு கிணற்றுச் சூடு

சீனக்குடாவுக்கும் சீனத்துக்கும் என்ன சம்பந்தமென்று
எனக்குச் சரியாகத் தெரியாது.
வசீகரனுக்கு அங்கேதான் மா ஆலையில் வேலை.
இரவு முறை முடிந்து வரும்போது
இமைமயிரிலும் மா.
பெயர்தான் வசீகரன் என்பேன்.
சிரிப்பான், சாரத்தை மாற்றுவான், படுப்பான்.
நான் ஆறு பத்து பஸ்ஸில் வார்டுக்குப் போய்விடுவேன்.

பதினொரு வருஷம் இப்படி.
சேர்ந்ததே இல்லையென்று சொல்லவில்லை.
ஞாயிறு, மகள் ரியூஷன் போன இரண்டு மணித்தியாலம்,
அதிலும் பாதி உடுப்புத் தோய்க்க.
மீதியில் அவன்
கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவன்.
நான் பஸ் போனபிறகு
கையில் பையோடு நிற்கிறவள்.

ஊசி குத்துகிற டொக்டர் ஷாமிலா
என் முதுகு வலிக்குப் பன்னிரண்டு ஊசி குத்தினாள்.
போகும்போது பத்துப் பக்கம் போட்டோக்கொப்பி தந்தாள்,
துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பியோடு.
பழைய சீனத்துப் படுக்கையறை வைத்தியமாம்,
தமிழில் யாரோ பெயர்த்தது.
ஆண் நெருப்பு. சட்டென்று பற்றும், சட்டென்று அவியும்.
பெண் நீர். சூடேற நேரமெடுக்கும்,
ஏறினால் ஆறவும் நேரமெடுக்கும்.
இதைச் சொல்லச் சீனம் வரைக்கும் போகவேணுமா,
குசினியில் நிற்கிற எவளும் சொல்வாளே.

விந்தைச் சேமித்தால் நூறு வயதாம்.
பதினேழு வருஷம் வார்டில் நின்றவள் நான்,
நம்பவில்லை.
எட்டாம் பக்கத்தில்
பெண்ணின் சக்தியை ஆண் மொண்டுகொள்ளலாம் என்று இருந்தது.
நான் என்ன கிணறா?
சிவப்புப் பேனையால் வெட்டினேன்.
மிச்சத்தை மடித்து
அவனுடைய சோத்துப் பெட்டிக்கு அடியில் வைத்தேன்.

மூன்று நாள் ஒன்றும் கதைக்கவில்லை.
நாலாம் நாள், கன்னியாவுக்குப் போவமா என்றான்.

விடியப்புறம். பாடசாலைப் பிள்ளைகள் ஒரு பஸ் நிறைய.
ஏழு கிணறு, ஏழு சூடு,
ஒன்று கைபொறுக்கும், ஒன்று பொறுக்காது.
உடுத்த உடையோடு குந்தியிருந்தேன்.
அவன் ஒவ்வொன்றிலும் வாளியால் மொண்டான்,
மொண்டு என் முதுகில் ஊற்றினான்.
ஊற்றிவிட்டுக் கேட்டான்:
"இது?"
கொஞ்சம் கூட.
"இது?"
காணாது.
"இது?"
அஞ்சாவதோ ஆறாவதோ, சரியாக நினைவில்லை,
பேசாமல் இருந்தேன். அவனுக்கு விளங்கியது.
ஆர்ப்பரித்த பிள்ளைகளுக்கு நடுவில்
யாருக்கும் தெரியாமல்
பதினொரு வருஷத்தில் முதல் தடவை
என்னிடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது.

அன்றிரவு நுளம்பு வலைக்குள்
பக்கங்களில் சொன்னபடி
அடிவயிறு வரைக்கும் மூச்சை இறக்கினோம்.
ஒன்பது எண்ணமுன் அவன் குறட்டை.
எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புத்தான்.
மற்ற நாள் எனக்குச் சிரிப்பு அடங்கவேயில்லை,
அன்றும் ஒன்றும் நடக்கவில்லை.

பிறகொரு நாள் இருட்டில் சொன்னான்:
கோதுமைக் கப்பல் எப்படி வரும் தெரியுமா?
வெளியில் எவ்வளவு வேகமாக வந்தாலும்
உள்துறைமுகத்துக்குள் எஞ்சின் சத்தம் கேட்காது.
சின்னப் படகுகள் பக்கத்தில் தொட்டுக்கொண்டு நிற்கும்.
நகருதா, நிற்குதா,
பார்த்தால் பிடிபடாது.
நாங்கள் கயிற்றோடு காத்திருப்போம்.

அப்படியே வந்தான்.
நான் எங்கேயும் நிற்கவில்லை, எனக்குப் பையும் இல்லை.
முடிந்ததா என்று அவன் கேட்கவில்லை.
முடிந்ததா என்று எனக்கும் தெரியவில்லை.
அவனுடைய பிரஷரைப் பார்ப்பமென்று கருவியை எடுத்தேன்,
நர்ஸ் புத்தி.
வை அதை என்றான்.

இன்றைக்கு அவன் இரவு முறை முடிந்து வந்தான்.
வேலியோரம் இரண்டு மான்
யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்கின்றன.
மாவோடேயே பக்கத்தில் படுத்தான்,
என் வெள்ளைச் சட்டையின் மேல், வயிற்றில், அவன் கை.
வேறொன்றுமில்லை.
கை ஏறுகிறது, இறங்குகிறது,
அது என் மூச்சு.

ஆறு பத்து போகிற சத்தம் கேட்டது.
ஆறு முப்பதுக்கு இன்னொன்று இருக்கிறது.