ரிஸ்க் அலவன்ஸ்

அடையாள அட்டையில் என் பேர் கோட்டீஸ்வரி.
படித்துவிட்டுச் சிரிக்காதவர்கள் குறைவு.
சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டு ஏடிஎம்,
ராத்திரி எட்டு முதல் காலை எட்டு.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதினெட்டு டிகிரி.
இந்தப் பக்கம் வேலூர், மே மாதம்.
நாற்காலி இந்தப் பக்கம்.

எங்கள் கம்பெனி சம்பளத் தாளில்
ஆண் காவலருக்கு ஆறு கட்டம்,
பெண் காவலருக்கு ஐந்து.
இல்லாத அந்தக் கட்டத்தின் பேர்
ரிஸ்க் அலவன்ஸ். ஆயிரத்து எண்ணூறு.

ஒருமுறை கேட்டேன்.
தணிகாசலம் சார் பட்டாளத்தில் இருந்தவர்,
கோபம்கூட அணிவகுத்துத்தான் வரும்.
“பொம்பளைங்கள நான் கேஷ் வேன்ல ஏத்தறதில்ல.
துப்பாக்கி குடுக்கறதில்ல.
ரிஸ்க்கே குடுக்காதப்போ
அலவன்ஸ் இன்னாத்துக்கும்மா?”

கணக்கு சரிதான் போல என்று வந்துவிட்டேன்.
அன்றைக்கே ஒன்றரை மணிக்கு
கார்டு இல்லாமல் ஒருவன் வந்தான்.
பணத்துக்கு வரவில்லை என்பது
நின்ற விதத்திலேயே தெரிந்தது.
என்னிடம் ஒரு விசில், ஒரு டார்ச்.
டார்ச்சுக்கு செல் என் காசு.
பெங்களூர் லாரி ஒன்று பஞ்சருக்கு ஒதுங்கியதால்
மீதிக் கதை இல்லை.
பதிவேட்டில் எழுதினேன்:
1.30. ஒன்றுமில்லை.

கார்த்திகையில் வங்கி பில் நின்றது, தொண்ணூறு நாள்.
ராணிப்பேட்டைத் தோல் கம்பெனி ஒன்று
ஐந்து மாதப் பாக்கியோடு கதவைச் சாத்தியது.
ஏழாம் தேதிச் சம்பளம் பத்தானது, பதினாறானது.
பதினேழாம் தேதி தாள் மட்டும் வந்தது.
ஆண் வரிசையில் சைபர்.
பெண் வரிசையில் சைபர்.
“சமமாயிட்டோம் பாருக்கா” என்றாள்
கொணவட்டம் ஷமீம்.
சிரிப்பு பாதியில் இருமலாகிவிட்டது.

மறுநாள் பெண்களை மட்டும் கூப்பிட்டார்.
பதினொரு பேர். டீ.
ஆற்காட்டு மக்கன் பேடா ஆளுக்கு இரண்டு.
“குழு லோன் உங்க பேருக்குத்தான் குடுக்கறான்.
ஆளுக்கு அறுபதாயிரம் எடுத்துக் குடுங்க.
வாரத் தவணை நான் கட்டிடறேன்.
பில்லு பாஸானா ஒரே நாள்ல குளோஸ்.
நம்ம கம்பெனிதானே.”

நம்ம.
ஐந்து வருஷத்தில் அந்த அறையில்
முதல்முறையாகக் கேட்கிறேன் அந்தச் சொல்லை.

பேடாவின் மேல் ஜீரா இறங்கிக்கொண்டிருந்தது.
நான் மனக்கணக்குப் போட்டேன்:
அறுபது மாதம், ஆயிரத்து எண்ணூறு.
ஒரு லட்சத்து எட்டாயிரம்.

“இது ரிஸ்க்தானே சார்?”

மின்விசிறியைப் பார்த்தார்.

“அந்தக் கட்டத்தப் போடுங்க சார்.
இன்னியில இருந்து இல்ல.
நான் ஜாயின் பண்ண தேதியில இருந்து.”

கெட்டவர் இல்லை அவர். விரல் நடுங்கியது.
காட்பாடி வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று
எங்கள் எல்லோருக்கும் தெரியும்.
யோசிக்கிறேன் என்றார்.
ஷமீம் பேனாவுக்கு மூடி போட்டாள்.
இரண்டு பேர் கையெழுத்துப் போட்டார்கள்.
பிள்ளைகளுக்கு ஸ்கூல் பீஸ். குறை சொல்ல மாட்டேன்.

ராத்திரி வேன் வரவில்லை, டீசல் இல்லை.
வேன் காவலர் பிச்சாண்டி சைக்கிளில் வந்து
படியில் உட்கார்ந்தார்.
“நீ கட்டம் கேட்டியாமே.
எங்களுக்குக் கட்டம் கீது.
அதுல பாதிய இன்சூரன்ஸுன்னு புடிச்சிகினாங்க.
நேத்து ஆபீஸ்ல கேட்டேன்,
பாலிசியே இல்லியாம்.
பொட்டியில நாப்பது லட்சம் போவும்,
அதுக்கு இருந்துது இன்சூரன்ஸு.”

திரையில் ‘பணம் இல்லை’ மின்னிக்கொண்டிருந்தது.
காலி இயந்திரத்துக்கு
அன்றைக்கு இரண்டு பேர் காவல்.

அவர் தூங்கிய பிறகு
பதிவேட்டைப் பின்னால் புரட்டினேன்.
மே இருபத்திரண்டு.
‘ஒன்றுமில்லை’யை ஒரு கோட்டில் அடித்துவிட்டு
எழுத ஆரம்பித்தேன்.
வரி போதவில்லை.
ஓரத்திலும் எழுதினேன்.