எண்பத்து நாலு தாளவட்டம்

வாழைச்சேனை ஐஸ் கொம்பனியில் இரவு வேலை.
தங்கச்சி மகள் வதனரூபி
உப்சாலாவில் வாசிப்பது போனில் நேரலையாக வருகிறது.
அங்கே ஏழு மணி. இன்னும் வெயிலாம்.

நாலு பாகம் என்று எழுதியிருந்தாள்:
பிள்ளை, வாலிபம், நடுவயது, கிழம்.
அவள் கையில் வயலின் இல்லை.
கடைசி வரிசையில் நின்று
முக்கோணக் கம்பி ஒன்றைத் தட்டுகிறாள்.

பிள்ளைக்குப் பதினொரு தரம் தட்டினாள்.
வாலிபத்தில் கை ஓயவேயில்லை.
றியாழ் அச்சுகளை விட்டுவிட்டு ஓடிவந்து
"கலியாண வீடொண்டு" என்றான்.

நடுவயதில்
கம்பியைக் கீழே வைத்துவிட்டாள்.
எல்லா வில்லும் ஏறி இறங்க
உதடு மட்டும் அசைய எண்ணிக்கொண்டு நின்றாள்.
எண்பத்து நாலு தாளவட்டம் சும்மா நிற்கவேணுமாம்.
கணக்குத் தவறினால்
திரும்பச் சேர வழியில்லையாம்.

எனக்கு நாற்பத்தொன்பது.
உப்புத்தண்ணித் தொட்டிக்குள் அச்சுகள் இறங்கிக் கிடக்கின்றன.
ஐஸ் ஓரத்திலிருந்துதான் கட்டும்;
நடு, கடைசியில்.
அதுவரைக்கும் ஒரு வேலையுமில்லை,
விட்டுவிட்டுப் போகவும் ஏலாது.

கிழம் தொடங்க
பாசிக்குடாவிலிருந்து லொறி வந்துவிட்டது.
முப்பது கட்டி ஏற்றிவிட்டு வர
அங்கே கைதட்டல் முடிந்திருந்தது.
"எத்தனை தரம் தட்டினாள்?"

"ஒரே தரம்.
அதுக்குப் பொறகு கம்பியக் கையால புடிக்கல்ல.
தானா ஓயுமட்டும் உட்டுட்டா" என்றான் றியாழ்.

கொம்பிரஸர் இரைச்சலில்
அது ஓய்ந்தது உனக்கெப்படிக் கேட்டதென்று
நான் கேட்கவில்லை.