பின்வாசல் இல்லாதது

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்கு அடியில் அடகுக்கடை.
தராசுப் பக்கத்தில்
ஒற்றைக் கொம்பும் குட்டைச் சிறகுமாய்
சிங்கம் மாதிரி ஒன்று.
பேர் பீஷியூ.
முதலாளியின் மச்சினன் கப்பல்வேலையில் போய்
சீனாவில் வாங்கியது.

பொன்தான் தீனியாம்.
வானுலகத் தரையில் ஒருநாள் வெளிக்கிருந்துவிட,
அந்த ராஜா அடித்த அடியில்
பின்வாசல் அடைந்துபோயிற்றாம்.
அன்றுமுதல் உள்ளே போவது மட்டும்தான்.

இனயத்திலிருந்து பிரிஜித்தாள் வந்தாள்.
போன மாசம் வளையல்,
இன்றைக்குத் தாலிச்செயின்.
எஞ்சின் இன்னும் கரையில்தான் கிடக்கிறது.
உரசினேன். நிறுத்தேன்.
பதினொன்றே கால் கிராம்,
அழுக்குக்குக் கால் கழித்து.

கையெழுத்துப் போட்டவள்
மிருகத்தைத் தூக்கி,
மீன் வாங்குகிறவள் செவுள் பார்ப்பதுபோல்
புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
"போக வழியே இல்லியே இதுக்கு.
பாவப்பட்ட சாதனம்,
வயிறு நோவாதா?"

முதலாளி சோற்றுக்குப் போன பிறகு
அதைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தேன்.
மேலே திருவனந்தபுரம் பஸ் போனது,
பாலம் அதிர்ந்தது.
உள்ளே ஒரு சத்தமும் இல்லை.

பேரேட்டில்
ஆயிரத்து நூற்று நாற்பத்து மூன்றாம் சீட்டு,
கம்மல் ஒரு ஜோடி,
என் பேரில்.